இறங்குகிற மேசை

காலையில் எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்ததும் அணைத்தேன். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினேன். காபி குடித்தேன். கடை மாவில் தோசை ஊற்றி, பொடி வைத்துச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன், முன்பக்கம் மட்டும். பின்பக்கம் பைக்கில் உட்கார்ந்தால் எப்படியும் கசங்கிவிடும். என் மனைவி சத்யப்பிரியா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காலை வேலைகள் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன.

திருப்பூர் மண்ணரையில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு சின்ன பனியன் கம்பெனி. காலையில் முதலில் அவர்கள் பாட்டு போடுவார்கள். பிறகு ஓவர்லாக் தையல் மெஷின்கள் கிளம்பும். பிறகு பாட்டு கேட்காது. அப்போது நானும் கிளம்புவேன்.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. அதற்கான படிப்பு படித்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து குன்னத்தூர் வரை இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளில் எது மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

அன்றைக்கு போன் செய்தது வினிதா. ஊத்துக்குளி சாலையில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர்.

"சார், டேபிள் எறங்குதுங்க."

"யாராவது கால்மிதியை அழுத்துறாங்களா?"

"யாரும் தொடலீங்க. ஏத்தி வெச்சுப்போட்டு அக்கட்ட திரும்புனா, அதுபாட்டுக்கு எறங்கிக்குது. இன்னைக்கு கேஸ் வேற இருக்குதுங்க. மதியம் கவிப்பிரியா மேடம் வந்துருவாங்க."

"வேற டேபிள்?"

"இருக்கறதே ஒரு தியேட்டருதானுங்க சார்."

போனேன்.

தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி கவுன் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். பெஞ்சில் முக்கால்வாசி அவருக்கே போய்விட்டது. மீதி கால்வாசியில் அவர் மகள், நிறைமாத வயிற்றோடு. என் கருவிப் பையைப் பார்த்ததும் அந்த அம்மா நிமிர்ந்தார்.

"ஏனுங்க, நீங்கதான் மெக்கானிக்குங்களா?"

"ஆமாங்க."

"வெரசலாப் பாருங்க கண்ணு. நேத்து ராத்திரில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. அடுத்த பெட்டுல ஒருத்தி இட்லி திங்கறா. அதப் பாத்துட்டுக் கெடக்கறேன்."

அவர் பெயர் பழனாத்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பித்தப்பையில் கல். மாதக்கணக்காக வலியால் துடிக்கிறார் என்று வினிதா சொன்னாள். காப்பீட்டு அனுமதி இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தது. டாக்டர் கவிப்பிரியா கோயமுத்தூரிலிருந்து வந்து ஆபரேஷன் செய்கிறவர். அடுத்த வாரம் அவர் வெளிநாடு போகிறார். திரும்பி வர இரண்டு மாதம். அதற்குள் மகள் வர்ஷினிக்குப் பிரசவம்.

"இன்னைக்கு முடிஞ்சுதுன்னா, புள்ள பொறக்கறதுக்குள்ள எந்திரிச்சுருவேன்," என்றார் பழனாத்தாள். "இல்லீன்னா இவ ஒரு ரூம்புல கத்துவா, நா ஒரு ரூம்புல கத்துவேன். எம் மருமகன் பாவம், எந்த ரூம்புக்குன்னு ஓடுவாரு?"

"சும்மா இரும்மா," என்றாள் வர்ஷினி.

உள்ளே போனேன். மேசையின் மிதியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மேலே இருந்த பெரிய விளக்கிலும் பொட்டு. மயக்க மருந்து மெஷினிலும் பொட்டு. ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் பொட்டு இல்லாத இயந்திரமே இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தியேட்டர் உதவியாளர் மகுடேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றார். முன்பு பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக்குக்கு உதவியாக இருந்தவர். ஐம்பது வயது. ஊசி மாதிரி உடம்பு.

"சார், டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க."

"இது மேனுபேக்சரிங் டிபெக்ட்டா இருக்குமுங்க."

"எட்டு வருஷமா ஓடுது."

"அப்பக் காத்துங்க. காத்து பூந்துருக்கும்."

இந்த மேசை விசயம் எளிது. அடியில் ஒரு எண்ணெய்த் தொட்டி, ஒரு கைப்பிடி அளவு பம்பு, ஒரு சிலிண்டர். மிதித்தால் பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும். மேசை ஏறும். தள்ளிய எண்ணெய் திரும்பி வந்துவிடாமல் ஒரு வால்வு அடைத்துக்கொள்ளும். வால்வு என்றால் ஒரு குழி, அதில் ஒரு எஃகுக் குண்டு, குண்டை அமுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். மேசையில் படுத்திருக்கிற ஆளின் மொத்த எடையையும் அந்தக் குண்டுதான் தாங்குகிறது. மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

மேசையை முழுக்க ஏற்றினேன். ஏறியது. மேசையைத் தாங்குகிற தூணில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்தேன். பார்த்துக்கொண்டு நின்றோம். பிளாஸ்திரி மெதுவாக உள்ளே போய் மறைந்தது.

எண்ணெய் வெளியே கசிகிறதா என்று பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. சிலிண்டரின் தண்டைத் துடைத்து, மறுபடி ஏற்றி, விரலால் தடவினேன். ஈரம் இல்லை. குழாய் இணைப்புகள் இறுக்கமாக இருந்தன. இறக்குகிற மிதி பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்தேன். இல்லை, முழுக்கத் திரும்பி வந்தது. எண்ணெய் வெளியே போகவில்லை என்றால் உள்ளேயேதான் திரும்பி ஓடுகிறது. குண்டு குழியில் சரியாக உட்காரவில்லை.

தொட்டி மூடியைத் திறந்து, ஒரு சிரிஞ்சில் எண்ணெயை உறிஞ்சினேன். போன வருடம் நானே ஊற்றிய எண்ணெய். தேன் நிறத்தில் இருக்க வேண்டும். இது தண்ணீர் விட்ட தேன் மாதிரி இருந்தது. விரலில் தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. வாசனை இல்லை.

திருப்பூரில் இந்த எண்ணெயைத் தெரியாதவர்கள் கிடையாது. தையல் மெஷினுக்கு ஊற்றுகிற வெள்ளை ஆயில். துணியில் பட்டாலும் கறை நிற்காது. கதவுக் கீலுக்கும் அதுதான், சைக்கிள் செயினுக்கும் அதுதான். ஆனால் ஓர் ஆளைத் தூக்கி நிறுத்த அது போதாது. மெலிசு.

"மகுடேஸ்வரன், இதுல யாராவது ஆயில் ஊத்துனாங்களா?"

"யாரும் தொடலீங்க சார்."

"சரி."

நான் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவரும் பார்த்தார்.

"கொஞ்சமாத்தானுங்க ஊத்துனேன்," என்றார்.

"எவ்வளவு?"

"அரைக் கேனு."

வினிதா கருவி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"ஆயுத பூசைக்கு ஊத்தறதுதானுங்களே," என்றார் மகுடேஸ்வரன். "எங்க கம்பெனில எல்லா மிஷினையும் தெறந்து, தொடச்சு, ஆயில் மாத்துனதுக்கு அப்பறந்தான் பொட்டு வெப்பம். ஆயில் மாத்தாம பொட்டு மட்டும் வெச்சா, அந்த மிஷினு வருசம் பூரா ரோதனை குடுக்குமுங்க."

"இப்ப ரோதனை குடுக்கறது எது?"

யோசித்தார். "பொட்டு கரெக்ட்டாத்தானுங்க வெச்சேன்."

"வேற எதுக்கெல்லாம் ஊத்துனீங்க?"

"சக்சன் மிஷினுக்கு..."

நான் நிமிர்ந்தேன்.

"...பொட்டு மட்டுந்தானுங்க. மூடியத் தெறக்கத் தெரியல."

அதற்காக அந்த மூடியை வடிவமைத்தவருக்கு மனதில் நன்றி சொன்னேன்.

ஆனால் மெலிந்த எண்ணெய் மட்டும் இவ்வளவு வேகமாக மேசையை இறக்காது. வேறு ஏதோ இருந்தது. தரையில் தியேட்டரின் பச்சைத் துணியை விரித்து, பம்பைக் கழற்ற ஆரம்பித்தேன். எண்ணெயை ஒரு பேசினில் வடித்தேன். வால்வு மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங் வந்தது. குண்டு வரவில்லை. காந்தக் குச்சியை விட்டு எடுத்தேன்.

அப்போதுதான் டாக்டர் கவிப்பிரியா உள்ளே வந்தார்.

"வேல்குமார், இது ஆபரேஷன் தியேட்டரா, காயலான் கடையா?"

"வால்வு பாக்கறேன் மேடம்."

"முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க. லேப்ராஸ்கோப்பி. தலைப்பக்கம் தூக்கி, டேபிளைச் சாய்ச்சு வெச்சுப் பண்றது. உள்ள கருவி இருக்கும்போது டேபிள் இறங்குச்சுன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். ஒன்றரை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல அந்தம்மாவைப் பட்டினி போட முடியாது. கேன்சல் பண்ணிடலாம்."

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பழனாத்தாள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"கேன்சலெல்லாம் பண்ணாதீங்க," என்று குரல் மட்டும் வந்தது. "நா பட்டினி கெடப்பனுங்க. ஒடம்புல நெறைய ஸ்டாக் இருக்குது."

டாக்டர் சிரிப்பை முகக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு வெளியே போனார்.

குண்டைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அதன் மேல் ஒரு இழை ஒட்டியிருந்தது. தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது. நிறம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கண் கூசுகிற கிளிப்பச்சை. குழிக்குள் டார்ச் அடித்தேன். அங்கேயும் அதே பச்சையில் ஒரு சின்னப் பஞ்சுச் சுருள்.

"தொட்டியை எதுல தொடச்சீங்க?"

"பனியன் வேஸ்ட்டுலதானுங்க," என்றார் மகுடேஸ்வரன். "நல்ல காட்டன். எம் மச்சான் கம்பெனில கொழந்தைங்க டீசர்ட்டு ஓடுது. அந்தக் கட்டிங் வேஸ்ட்டு. மெத்துன்னு இருக்குமுங்க."

திருப்பூரில் எதையும் துடைப்பது பனியன் வேஸ்ட்டால்தான். கை துடைக்க, பைக் துடைக்க, மெஷின் துடைக்க. மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நன்றாக உறிஞ்சும். இழை உதிர்க்கும். தையல் மெஷின் அதைப் பொருட்படுத்தாது, அது பஞ்சுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தது. இந்தக் குண்டு பொருட்படுத்தும். குண்டுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு இழை நுழைந்தால் போதும், அந்த இடுக்கு வழியாக எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும்.

இழையை இடுக்கியில் எடுத்து மகுடேஸ்வரனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றினார். மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இத்தனூண்டுங்களா?"

"இத்தனூண்டுதான்."

"இது எண்பது கிலோவ எறக்குதுங்களா?"

"எறக்குது."

"அடக் கெரகமே," என்றார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்த மாதிரி பட்டது. அவர் மச்சான் கம்பெனி நூல் அல்லவா.

பிறகு நடந்தது சாதாரண வேலை. தொட்டியைச் சுத்தமான எண்ணெயால் அலசினேன். இழை உதிராத துணி என் பையில் இருந்தது. அதை மகுடேஸ்வரன் தொட்டுப் பார்த்து, "இதென்னுங்க, காயிதமாட்ட இருக்குது" என்றார். வால்வுக் குழியைச் சுத்தம் செய்தேன். குண்டில் கீறல் இல்லை, குழியிலும் இல்லை. ரப்பர் வளையத்தை மட்டும் புதிதாகப் போட்டேன். பைக் பெட்டியிலிருந்து ஹைட்ராலிக் ஆயில் கேனை எடுத்து வரச் சொன்னேன். மகுடேஸ்வரன் ஓடினார். வந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்தார். ஊற்றும்போது புனலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், அபிஷேகத்துக்குப் பிடிக்கிற மாதிரி.

காற்று வெளியேறும்வரை மேசையை ஏற்றி இறக்கினோம். முதலில் குலுங்கிக் குலுங்கி ஏறியது. போகப் போக ஒரே சீராக ஏறியது. உச்சியில் நிறுத்தி, தூணில் புதிய பிளாஸ்திரி ஒட்டினேன். நின்றது.

காலியாக நிற்பது பெரிய விசயமில்லை. எடை வேண்டும்.

"மகுடேஸ்வரன், ஏறிப் படுங்க."

படுத்தார். மேசைக்கு அவர் படுத்ததே தெரிந்திருக்காது. வினிதாவைப் பார்த்தேன். "நா மாட்டனுங்க சார், எனக்கு இந்த டேபிளப் பாத்தா பயம்," என்றாள். தினமும் அதன் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

"என்ன எடை வேணுமுங்க?" கதவிலிருந்து குரல் வந்தது. பழனாத்தாள் எழுந்து வந்து நின்றுகொண்டிருந்தார். "எண்பத்தி மூணு போதுமுங்களா?"

"அம்மா, நீங்க பேஷன்ட்டு," என்றாள் வினிதா.

"எப்படியும் இதுலதான் படுக்கப் போறேன். இப்பப் படுத்தா என்ன?"

வினிதா டாக்டரைக் கேட்கப் போனாள். திரும்பி வந்து, "படுக்கட்டும்னு சொல்லிட்டாங்க. அந்த எடையைத் தாங்குனாப் போதும்னாங்க," என்றாள்.

நானும் மகுடேஸ்வரனும் பிடித்து ஏற்றினோம். படுத்துக்கொண்டு கையை வயிற்றில் கோத்து, கூரையைப் பார்த்தார். மேசையை உயர்த்தி, தலைப்பக்கம் தூக்கிச் சாய்த்தேன். நான் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிளாஸ்திரியைப் பார்த்தேன்.

"எறங்குதுங்களா கண்ணு?"

"இல்லீங்க."

"எனக்கும் அப்படித்தான் தெரியுது. எறங்கலீங்க." கொஞ்சம் விட்டு, "எங்க செக்கிங்குல ஒரு பீஸு சந்தேகமா இருந்தா ரெண்டு தடவ இழுத்துப் பாப்பம். நா வேணும்னா ஒருக்கா குதிச்சுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாங்க."

"செரி." சும்மா இருக்க அவரால் முடியவில்லை. "கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க. இறந்துட்டாங்க."

"அடடா. என்னாச்சு கண்ணு?"

"டெங்கு. நாலு நாள்தான்."

"பேரு?"

"சத்யப்பிரியா."

அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது. சாதாரணமாகத்தான் வந்தது.

"பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லீங்க. கணியூர்ல ஒரு வேலையா இருந்தேன். நல்லாயிருச்சுன்னு சொன்னாங்கன்னுதான் போனேன். வர்றதுக்குள்ள முடிஞ்சுது. கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அவங்க அம்மா ஒண்ணு சொன்னாங்க, சித்தி ஒண்ணு சொன்னாங்க, நர்ஸ் ஒண்ணு சொன்னாங்க. எல்லாம் நல்லா இருந்துச்சு. எதுவும் அவ பேசற மாதிரி இல்லை."

பழனாத்தாள் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"சனங்க அப்படித்தான் கண்ணு. எங்க ஊட்டுக்காரரு போனப்ப, ‘பழனாத்தா, பழனாத்தா’ன்னு எம் பேரச் சொல்லிட்டே போனாருன்னு ஒறம்பரை சனம் பூராப் பேச்சு. நா பக்கத்துலயேதான் இருந்தேன். அந்த மனுசன் சொன்னது, ‘அந்த டிவிய அமத்து, தல வலிக்குது.’"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். மகுடேஸ்வரன் ஏற்கெனவே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"சிரிங்க, தப்பில்ல," என்றார் பழனாத்தாள். "நா அமத்தல. சீரியல்ல நல்ல எடம்."

மேசை அதிர்ந்தது, எண்ணெயால் அல்ல, அவர் சிரித்ததால். பிளாஸ்திரி அதே இடத்தில் இருந்தது.

டாக்டர் கவிப்பிரியா வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, இங்க பட்டிமன்றமா?"

"நிக்குது மேடம்."

"கியாரண்டி?"

சத்யப்பிரியா போனதிலிருந்து எந்த வேலை முடிந்தாலும், இப்போதைக்கு ஓடும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு அந்தப் பிளாஸ்திரியை இன்னொரு தடவை பார்த்தேன்.

"இறங்காதுங்க," என்றேன்.

"அப்ப நீங்களும் உள்ள நில்லுங்க. டிரெஸ் மாத்திக்கங்க."

தியேட்டரை மறுபடி துடைத்துச் சுத்தம் செய்தார்கள். மகுடேஸ்வரன் மிதியிலிருந்த பொட்டையும் அழித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, என்னைப் பார்த்தார். "அடுத்த வருசம் பொட்டு மட்டும்," என்றேன். தலையாட்டினார்.

எனக்குக் கொடுத்த பச்சை உடை இரண்டு ஆளுக்கு ஆகும். தொப்பி காதை மூடியது. தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். பழனாத்தாளைப் படுக்க வைத்து மயக்கம் கொடுத்தார்கள். நான் ஆபரேஷனைப் பார்க்கவில்லை, பிளாஸ்திரியை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அவரவர் வேலையில் மேசையை மறந்தார்கள். மேசைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி, "ஒரு மில்லிமீட்டர் கூட அசையலை," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு வினிதா வர்ஷினியிடம் கொடுத்தாள். வர்ஷினி அதைக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு அழுதாள். அம்மா கண் விழித்துத் தண்ணீர் கேட்கிறார், நன்றாக இருக்கிறார் என்று சொன்னதும் அழுகையிலேயே சிரித்தாள்.

"உள்ள போறப்ப எங்கம்மா பயந்துச்சுங்களா? எதாச்சும் சொல்லுச்சுங்களா?"

"உங்க பேரத்தானுங்க சொன்னாங்க," என்றாள் வினிதா. "வர்ஷினியப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டே கண்ண மூடுனாங்க."

"முருகான்னு ஒரு சத்தங்க," என்றார் மகுடேஸ்வரன். "கதவுக்கு வெளிய நின்ன எனக்கே கேட்டுச்சு."

இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. வர்ஷினி கண்ணைத் துடைத்தாள்.

"இல்லீங்க," என்றேன். "நான் பக்கத்துலயே நின்னேன்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மயக்க மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். பழனாத்தாள் மூடினார். மறுபடி ஒரு கண்ணைத் திறந்து, தூணையே பார்த்துக்கொண்டு நின்ற என்னைத் தேடிப் பிடித்தார். நாக்கு குழறியது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

"எறங்குச்சுன்னா நானே சொல்றேன் கண்ணு. நீ போயி உக்காரு."